பாய்க்கு நேரே கொக்கி

ஒலக்கூர்ப் பக்கம் ஒரு மெத்தை வீடு எழும்பும்போது, அந்த வீட்டில் வாழப்போகிறவர்கள் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் எப்படித் தூங்குவார்கள் என்பது பெரும்பாலும் ஒரே நாளில் முடிவாகிவிடுகிறது. அது கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்திருப்பார்கள். மறுநாள் விடிந்ததும் கலவை மிஷின் வந்து நிற்கும். பைப் ஓட்டிக்கொண்டிருக்கும் எலக்ட்ரீஷியன் மேலிருந்தே கேட்பார்: "ஃபேன் கொக்கி எங்கண்ணே வெக்கிறது?" செங்கல் கணக்கிலும் சிமெண்ட் கணக்கிலும் மூழ்கிக் கிடக்கும் வீட்டுக்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல் சொல்வார்: "நடுவுல வெச்சிடுப்பா." மூலைக்கு மூலை நூல் பிடித்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கொக்கி உட்கார்ந்துவிடும். மறுநாள் அதன்மேல் கான்கிரீட் விழும். அப்புறம் அதை யாரும் நகர்த்த முடியாது.

அறையின் நடுவில் யார் படுக்கிறார்கள்? கட்டில் ஒரு சுவரை ஒட்டிக் கிடக்கும். பீரோவும் துணி அலமாரியும் எதிர்ச் சுவரில் நிற்கும். நடுவில் இருப்பது ஆள் நடக்கிற வழி. அந்த வழியின்மேல்தான் இரவு முழுக்கக் காற்று கொட்டுகிறது. கட்டிலில் சுவரோரம் படுத்திருக்கும் பாட்டிக்கு அதில் மிச்சம் மீதிதான் வந்து சேர்கிறது. இந்த ஒரு விஷயம் சரியாக அமைந்துவிட்டால், ஃபேன் வாங்குவதிலும் ஓட்டுவதிலும் செய்கிற பாதித் தவறுகளுக்கு இடமே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம். காரணத்தைப் புரிந்துகொள்ள, ஃபேன் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. பூட்டிய அறைக்குள் ஒரு ஃபேனை மணிக்கணக்கில் ஓடவிட்டு வெப்பமானியைப் பார்த்தால், வெப்பநிலை குறைந்திருக்காது. மோட்டார் இழுக்கிற 75 வாட் மின்சாரம் முழுவதும், காற்றின் அசைவாகி, அந்த அசைவு சுவரிலும் தரையிலும் உரசி அடங்கி, கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. ஆகவே யாரும் இல்லாத அறையில் ஓடும் ஃபேன், அந்த அறையைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. "கொஞ்ச நேரம் ஓடட்டும், ரூம் குளுந்துடும்" என்று போட்டுவிட்டு வெளியே போவதால் ஒரு பயனும் இல்லை.

குளிர்வது ஆள்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 34, 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று 28 டிகிரியாக இருந்தால் வெப்பம் தானாகவே தோலிலிருந்து காற்றுக்கு இறங்கிவிடும். காற்றே 35 டிகிரிக்கு வந்துவிட்டால் அந்த வழி அடைபடும். பிறகு வியர்வை ஒன்றே கதி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கணக்குப் போட்டால், 100 வாட்டையும் வியர்வையாலேயே தள்ள மணிக்கு 150 மில்லி நீர் தோலிலிருந்து ஆவியாக வேண்டும். கவனியுங்கள், ஆவியாக வேண்டும். பனியனை நனைத்துச் சொட்டிப்போகிற வியர்வையால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை.

புழுக்கமான இரவில் நடப்பது அந்த வீண்வேலைதான். தோலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் நிற்கிறது. அது விரைவில் ஈரத்தால் நிரம்பிவிடும். நிரம்பியபின் வியர்வை ஆவியாக இடமில்லை. ஃபேன் செய்வது அந்தப் படலத்தை உரித்து எறிந்துவிட்டு, ஈரம் குறைந்த காற்றை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது. அதனால் தோலின்மேல் படாத காற்று எவ்வளவு அடித்தாலும் கணக்கில் வராது. அறை முழுக்கக் காலண்டர் தாள் படபடக்கலாம், பாயில் கிடப்பவர்மேல் படவில்லை என்றால் அந்த ஃபேன் வேலை செய்யவில்லை என்றுதான் பொருள்.

காற்று பட்டால் எவ்வளவு சுகம் கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் 1980களில் 'வெப்பமண்டலக் கோடைக் குறியீடு' என்ற ஒன்றை உருவாக்கியது. ஐரோப்பியர்களின் உடம்பை வைத்துப் போட்ட கணக்கு நமக்குச் சரிப்படாது என்று, இந்தியர்களை அறையில் உட்காரவைத்து அவர்கள் சொன்ன பதிலிலிருந்து எடுத்த சூத்திரம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்கு, சுவரும் கூரையும் வீசும் அனலையும் சேர்த்து அளக்கும் கோள வெப்பமானியின் அளவில் நான்கில் மூன்று பங்கு, இரண்டையும் கூட்ட வேண்டும். அதிலிருந்து, காற்றின் வேகத்துக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கிக் கழிக்க வேண்டும். வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில். விடை 30க்குள் இருந்தால் சுகம். 30 முதல் 34 வரை தாங்கலாம். அதற்குமேல் தாங்காது.

திண்டிவனம் பக்கத்து மே மாத இரவை இதில் போட்டுப் பார்க்கலாம். கோள வெப்பமானி 34 டிகிரி, ஈரக்குமிழ் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் இல்லாமல் விடை 34.5. தாங்கும் எல்லைக்கு வெளியே. நொடிக்கு ஒரு மீட்டர் காற்று பட்டால் 32.5. இரண்டேகால் மீட்டர் பட்டால் 31.5. கரெண்டு போன இரவில் நிலைகொள்ளாமல் எழுந்து வாசலில் கட்டில் போடுவதற்கும், கரெண்டு இருக்கும் இரவில் புரண்டாவது தூங்கிவிடுவதற்கும் இடையில் இருப்பது இந்த இரண்டு மூன்று டிகிரிதான்.

அந்த வர்க்கமூலத்தை விட்டுவிடக் கூடாது, அதில்தான் ஃபேனை ஓட்டும் சூட்சுமம் இருக்கிறது. முதல் ஒரு மீட்டர் வேகம் இரண்டு டிகிரி தருகிறது. அடுத்த ஒன்றேகால் மீட்டர் ஒரு டிகிரிதான் தருகிறது. நான்கு மீட்டருக்குக் கொண்டுபோனால் இன்னும் ஒரு டிகிரி. வேகம் கூடக்கூடக் கிடைக்கிற சுகம் மெதுவாகத்தான் கூடுகிறது. மின்சாரமோ நேர்மாறு. இறக்கை சுற்றும் வேகம் கூடினால் காற்று அதே விகிதத்தில் கூடும், அதைத் தள்ளத் தேவையான திறனோ மும்மடிக் கணக்கில் ஏறும். ஆகவே வேகத்தை நூற்றுக்கு எண்பதாகக் குறைத்தால் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். சுகம் எவ்வளவு குறையும்? எண்பது சதவீதத்தின் வர்க்கமூலம் சுமார் 89. அதாவது பத்தில் ஒரு பங்குதான். மூன்று டிகிரி குளிர்ச்சி இருந்த இடத்தில் 2.7 டிகிரி. நள்ளிரவுக்குமேல் ஐந்திலிருந்து நான்குக்கோ மூன்றுக்கோ இறக்கிவிட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, சத்தமும் அடங்கும்.

இது முழுதாகப் பலிக்க ரெகுலேட்டர் நல்லதாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டில் கனத்த பெட்டியாக இருக்குமே, தொட்டால் சுடும், அது ஃபேனுக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தானே எரித்துவிடும். வேகம் குறையும், மீட்டர் அவ்வளவாகக் குறையாது. இப்போதைய ஸ்டெப் ரெகுலேட்டரில் அந்த நஷ்டம் இல்லை. மின்னணுச் சுற்றால் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேன்களில் மும்மடிக் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே நடக்கிறது. குறைந்த வேகத்தில் அவை பத்து வாட்டுக்கும் கீழே போய்விடும்.

சரி, எத்தனை இன்ச் வாங்குவது? கடையில் 48 இன்ச் என்று எடுத்து நீட்டுவார்கள். அதுதான் 1200 மில்லிமீட்டர். இறக்கை சுற்றும் வட்டத்தின் குறுக்களவு அது. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அறையின் நீளப் பக்கத்தை மீட்டரில் அளந்து 55ஆல் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்றுத் தள்ளும் ஃபேன் வேண்டும் என்பது கிடைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் நீளம் 3.66 மீட்டர். பெருக்கினால் 201. நல்ல 48 இன்ச் ஃபேன் 210 கனமீட்டர் தள்ளும். சரியாகப் பொருந்துகிறது. பத்துக்குப் பதினாறு அடி ஹால் என்றால் 268 வேண்டும். அதற்கு 1400 மில்லிமீட்டர், அதாவது 56 இன்ச் தேவை. திண்டிவனம் கடைகளில் அதைக் கேட்டால் ஆர்டர் போட்டுத்தான் வரவழைப்பார்கள். அதைவிட, நீளமான ஹாலுக்கு இரண்டு கொக்கி வைத்து இரண்டு சிறிய ஃபேன் போடுவது மேல். ஆள் இருக்கும் பக்கத்தை மட்டும் ஓட்டலாம்.

சிறிய அறைக்குச் சிறிய ஃபேன் என்பது சரியாகத் தோன்றும், ஆனால் அதில் ஆதாயம் குறைவு. 36 இன்ச் ஃபேன் அதே காற்றைத் தள்ளப் பேய் வேகத்தில் சுற்ற வேண்டும். சத்தம் கூடும், மின்சாரமும் கூடும். இறக்கை சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி நிற்க இடமிருந்தால் பெரிய ஃபேனைப் போட்டு மெதுவாக ஓட்டுவதே நல்லது. இறக்கை மூன்றா நான்கா என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தங்க நிறப் பட்டையும் மரக் கோலமும் போட்ட ஃபேன்களை வாங்கும்போது மட்டும், பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றின் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். ஒரு வாட் மின்சாரத்துக்கு நிமிடத்தில் எத்தனை கனமீட்டர் காற்று என்பதுதான் அதன் அளவுகோல். 2023 விதிப்படி, 48 இன்ச் ஃபேனுக்கு அது ஆறு அல்லது அதற்குமேல் இருந்தால் ஐந்து நட்சத்திரம், நான்கு இருந்தால் ஒரு நட்சத்திரம்.

உயரத்துக்கும் அதே விதித்தொகுப்பில் கணக்கு உண்டு. அறையின் உயரத்தை மூன்றால் பெருக்கி, ஆள் உட்காரும் அல்லது வேலை செய்யும் மட்டத்தின் உயரத்தைக் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும். பத்தடி அறை, இரண்டரை அடி மேசை என்றால் 8.1 அடி. இறக்கைக்கும் தளத்துக்கும் இடையே குறைந்தது ஓரடி விட வேண்டும். ஃபேன் மேலிருந்து காற்றை எடுத்துத்தான் கீழே தள்ளுகிறது. தளத்தோடு ஒட்டி மாட்டினால் அதற்கு எடுக்கக் காற்று கிடைக்காது. உயரம் குறைவான அறையில் ராடை வெட்டி மேலே தூக்கி மாட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பாயில் படுப்பவர்களுக்காக இன்னும் தாழ்த்தலாமே என்றால், கட்டில்மேல் ஏறி நின்று கொசுவலை கட்டுகிறவரின் கையையும் துள்ளும் பிள்ளையையும் நினைத்து எட்டடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஓட்டு வீட்டில் விட்டம் உயரமாக இருக்கும், அங்கே நீள ராட் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும்.

இப்போது கொக்கிக்குத் திரும்புவோம். சீலிங் ஃபேன் காற்று எங்கே விழுகிறது? நேர் நடுவில், மோட்டாருக்கு அடியில், காற்று மந்தம். அங்கே இறக்கை இல்லை. இறக்கையின் பாதிக்கு மேற்பட்ட வெளிப்பகுதிக்குக் கீழேதான் வேகம் அதிகம். அந்த வட்டத்தைத் தாண்டியதும் சட்டென்று குறைந்துவிடும். தரையில் மோதிய காற்று நான்கு பக்கமும் பரவி, சுவரோரமாக ஏறி, மறுபடி ஃபேனுக்குப் போகிறது. அதாவது நான்கடி ஃபேனின் முழுப் பலன் சுமார் நான்கைந்து அடி வட்டத்துக்குள்தான். கட்டிலின் ஓரம் அந்த வட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தால், வீட்டுக்காரர் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு "காத்தே வரலை" என்பார். அவர் சொல்வது முழு உண்மை.

ஆகவே கொக்கியைப் படுக்கைக்கு நேரே வைக்க வேண்டும். படுப்பவரின் நெஞ்சும் இடுப்பும் இறக்கைக்கு அடியில் வரும்படி வைப்பது உத்தமம். உடம்பில் அதிக வியர்வைப் பரப்பு அங்கேதான் இருக்கிறது, முகத்தில் நேராக அடித்துத் தொண்டை உலர்வதும் இராது. தலைவாசலும் ஜன்னலும் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே கட்டில் எந்தச் சுவரில் வரும் என்பது கான்கிரீட் போடும் முன்பே தெரிந்துவிடும். இரண்டு இடத்தில் வரலாம் என்றால் இரண்டு கொக்கி வையுங்கள். ஒரு கொக்கியின் கம்பிக்கும் ஃபேன் பெட்டிக்கும் ஆகும் செலவு, வீட்டின் மொத்தச் செலவில் ஒரு பொருட்டே இல்லை.

அரசுத் திட்டத்தில் கட்டும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். 2011இல் தொடங்கிய பசுமை வீடு 300 சதுர அடி. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. அவ்வளவு சிறிய வீட்டில் கட்டிலுக்கும் பாய்க்கும் இடம் ஏறக்குறைய முன்பே தீர்மானமாகிவிடுகிறது, பொருளை நகர்த்திப் பார்க்க இடமில்லை. வரைபடத்தில் கதவும் ஜன்னலும் கழிவறையும் குறிக்கப்படுகின்றன. பாய் விரிக்கும் இடத்தையும் ஒரு புள்ளிக்கோட்டால் குறித்து, அதற்கு நேரே கொக்கி என்று எழுதிவிட்டால் போதும். கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் வரைபடத்தைக் கையில் வாங்குகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கொக்கி ஏற்கெனவே தவறான இடத்தில் இருக்கிற வீடுகள் என்ன செய்வது? கட்டிலை நகர்த்தலாம். முடியாவிட்டால் மேசை விசிறி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் தமிழ்நாட்டின் ரேஷன் அட்டைக் குடும்பங்களுக்கு வந்தது மேசை விசிறிதான். கிராமங்களில் மிக்சி ஓடுகிறதோ இல்லையோ, அந்த விசிறிகளில் பல இன்னமும் திண்ணையிலும் அடுப்படி ஓரத்திலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 400 மில்லிமீட்டர் மேசை விசிறி மொத்தமாகத் தள்ளும் காற்று சீலிங் ஃபேனைவிட மிகக் குறைவு. ஆனால் அது ஒரே திசையில் குறிபார்த்துத் தள்ளுகிறது. ஆறேழு அடி தூரத்தில் படுத்திருக்கும் ஒருவருக்கு, தப்பான இடத்தில் தொங்கும் சீலிங் ஃபேனைவிட அது அதிகச் சுகம் தரும். கால்மாட்டில் வைத்து உடம்போடு ஓடும்படி திருப்பினால் கொசுவும் அண்டாது. கொசு வலுவில்லாமல் பறக்கும் பூச்சி, எதிர்காற்றில் அதால் இறங்கி உட்கார முடியாது.

காற்றைத் தள்ளுவதும் இழுப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தப் பக்கத்து விவசாயிகள் களத்தில் பார்த்திருப்பார்கள். காற்றில்லாத நாளில் பெடஸ்டல் ஃபேனை நிறுத்தி உளுந்து தூற்றுகிறார்கள். முன்பக்கம் பல அடி தூரம் பொட்டும் தூசும் பறக்கும். ஃபேனுக்குப் பின்னால் இரண்டடியில் கிடக்கும் சருகுகூட அசையாது. பின்பக்கம் காற்று எல்லாத் திசையிலிருந்தும் மெதுவாக வந்து சேர்கிறது, முன்பக்கம் ஒரே தாரையாகப் போகிறது. போகிற தாரை பக்கத்துக் காற்றையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு விரிகிறது. அதனால்தான் ஜன்னலை நம்பி ஃபேனை எங்கே வைப்பது என்பதில் நம் உள்ளுணர்வு தவறிவிடுகிறது.

சாயங்காலம் வீட்டுக்குள் அனல் நிரம்பிக் கிடக்கிறது, வெளியே குளிர்ந்துவிட்டது. ஃபேனை எங்கே வைக்கலாம்? பெரும்பாலானோர் ஜன்னலில் வைத்து உள்பக்கம் திருப்புவார்கள். அதைவிட, ஒரு ஜன்னலைப் பார்த்து வெளியே தள்ளும்படி வைத்து, எதிர்ப்பக்கக் கதவையோ ஜன்னலையோ திறந்துவிடுவது நல்லது. அனல் காற்று வெளியே போகும், அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று எதிர்ப்பக்கமாகத் தானாக வரும். ஃபேனை ஜன்னல் கம்பியோடு ஒட்டி வைக்காமல் மூன்று நான்கு அடி உள்ளே தள்ளி வையுங்கள். தாரை விரிந்து, ஜன்னலின் முழு அளவையும் நிரப்பி, பக்கத்துக் காற்றையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். ஒட்டி வைத்தால், ஃபேனைச் சுற்றியுள்ள இடைவெளி வழியே அதே அனல் திரும்பி உள்ளே வந்துவிடும்.

எந்த ஜன்னல் என்பதற்கும் இந்த ஊரில் பதில் உண்டு. ஒலக்கூருக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் கடல். கத்திரியில் பகல் முழுக்க மேல்காற்று அனலை வாரி அடிக்கும். பிற்பகலிலோ சாயங்காலத்திலோ கடல்காற்று மெல்ல உள்ளே வந்து சேரும்போது உடம்பு உடனே சொல்லிவிடும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அது தாமதமாக வரும், சில நாள் வரவே வராது. வெளியே வீட்டுக்குள்ளைவிடச் சூடாக இருக்கும் வரை மேற்கு ஜன்னலைச் சாத்தி வைப்பதே நல்லது. கடல்காற்று எட்டியதும் கிழக்கைத் திறந்துவிட்டு, மேற்கு ஜன்னலைப் பார்த்து ஃபேனை வெளியே திருப்ப வேண்டும். வரும் காற்றோடு சேர்ந்து தள்ள வேண்டுமே தவிர எதிர்த்து அல்ல. களத்தில் தூற்ற முறத்தைத் தூக்கும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் யாரும் நிற்பதில்லை. அதே கவனம் வீட்டு ஜன்னலுக்கும் வேண்டும்.

மெத்தை வீட்டில் இன்னொரு தொல்லை தளம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கம் சாயங்காலத்தில்தான் உச்சச் சூட்டை அடைகிறது. அந்த நேரத்தில் ஃபேனைப் போட்டால் "நெருப்பா கொட்டுது" என்று சொல்வது மிகைப்படுத்தல் இல்லை. தளத்தை ஒட்டிக் கிடந்த அனலை ஃபேன் கீழே இறக்கிவிடுகிறது. அந்த ஓரிரு மணிநேரம் ஜன்னலைத் திறந்து வைத்து, தரைமட்டத்தில் மேசை விசிறியை ஓட்டுவது மேல். தளம் உடம்பின்மேல் வீசும் அனலை எந்த ஃபேனும் தடுக்காது. மேலே வெள்ளை அடிப்பது, வெள்ளை ஓடு பதிப்பது போன்ற வேலைதான் அதற்கு மருந்து. சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்கும் இதுவே.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால், அடுப்பு இருக்கும் பக்கத்தில் உயரத்தில் வையுங்கள். வாசற்படி எதிர்ப்பக்கம் இருக்கட்டும், காற்று அடுப்பைக் கடந்து போக வேண்டும். திறந்த ஜன்னலுக்கு அருகிலேயே வைத்தால் ஜன்னல் காற்றைத்தான் அது வெளியே தள்ளும், புகை உள்ளேயே நிற்கும். கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு ஓட்டுவதும் வீண், உள்ளே வராத காற்று வெளியே எப்படிப் போகும்?

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் உடனே புதிது வாங்கிவிட வேண்டாம். முதலில் இறக்கையைத் துடையுங்கள். நெடுஞ்சாலையோர வீடுகளில் இரண்டு மாதத்தில் இறக்கையின் முன்விளிம்பில் புழுதி திட்டாகப் படிந்துவிடும். அது காற்றின் ஓட்டத்தையே கெடுக்கும். அடுத்து கண்டன்சர். மோட்டாருக்கு மேலே கிண்ணத்துக்குள் இருக்கும் அந்தச் சின்ன டப்பாவின் மதிப்பு பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். வயதாக ஆக அது குறையும், குறைந்தால் ஃபேன் தள்ளாடும், தொடங்கவே யோசிக்கும். மாற்றும் செலவு மிகக் குறைவு. இந்த இரண்டும் சரியாக இருந்தும் சாயங்காலத்தில் மட்டும் வேகம் குறைந்தால் லோ வோல்டேஜ்தான் காரணம். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை நூற்றுக்கு 61தான். டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசியாக இருக்கும் வீடுகள் இதை நன்றாக அறியும். பி.எல்.டி.சி. ஃபேன் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளித்து அதே வேகத்தில் ஓடும். அந்த வீடுகளுக்கு மின்கட்டணத்தைவிட இதுவே பெரிய லாபம்.

காயில் கட்டிக் கொண்டுவந்த ஃபேன் வேகமாகச் சுற்றியும் காற்று வரவில்லையா? இணைப்பு மாறித் திருப்பிச் சுற்றுகிறது. இறக்கையின் உயர்ந்த விளிம்பு முன்னே போக வேண்டும். தாழ்ந்த விளிம்பு முன்னே போனால் காற்று மேலே போகிறது.

மின்கட்டணக் கணக்கையும் போட்டுவிடலாம். சாதாரண 75 வாட் ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத ரீடிங்கில் 54 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. என்றால் 22 யூனிட்டுக்கும் கீழே. மூன்று ஃபேன் உள்ள வீட்டில் இது 162க்கும் 65க்கும் உள்ள வித்தியாசம். 2016 மே முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு ஃபேனும் இரண்டு விளக்கும் மட்டும் உள்ள வீடு அந்த இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அங்கே விலை கூடின ஃபேன் வாங்கினால் பணம் திரும்பாது. ஃப்ரிட்ஜும் மோட்டாரும் மூன்று நான்கு ஃபேனும் உள்ள வீட்டுக்கு நிச்சயம் திரும்பும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்கு ஃபேன் மாற்றுவது முதல் வேலையாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. அதே பேட்டரியில் இரட்டிப்பு நேரத்துக்குமேல் காற்று கிடைக்கும்.

ஃபேனுக்கு ஓர் எல்லை உண்டு. இதை வயதானவர்கள் இருக்கும் வீடுகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால், ஃபேன் ஒரு பக்கம் வியர்வையை உலர்த்தினாலும் மறுபக்கம் வெப்பத்தை உடம்புக்குள் ஏற்றுகிறது. வியர்வை நன்றாகச் சுரக்கும் இளைஞருக்கு உலர்த்தல் ஜெயிக்கும். எழுபது வயதில் வியர்வை அவ்வளவு சுரப்பதில்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சுமார் 39 டிகிரி வரை ஃபேன் உதவும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது 38 டிகிரி. வியர்வையைக் குறைக்கும் சில மருந்துகளை எடுத்துக்கொள்ளும் முதியவர்களுக்கு 37தான். கத்திரியில் மேல்காற்று அடிக்கும் பகல் இந்த எல்லையைத் தாண்டுவது இங்கே புதிதல்ல.

அந்த நேரத்தில் சாத்திய ஷீட் வீட்டுக்குள் தாத்தாவைப் படுக்கவைத்து ஃபேனை முழு வேகத்தில் ஓட்டிவிட்டுக் கழனிக்குப் போவது ஆபத்து. உடம்பு சுரக்காத நீரை நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கழுத்திலும் மார்பிலும் கைகளிலும் போட்டு, பிறகு ஃபேனைத் திருப்பினால், வியர்வை செய்ய வேண்டிய வேலையை அந்த ஈரம் செய்யும். துண்டு காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும், குடிக்கவும் நீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேப்பமர நிழல் வீட்டைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், கட்டிலை அங்கே கொண்டுபோய்விடுவது இன்னும் நல்லது. அவர் பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தும் வியர்க்காமல் இருந்தாலோ, ஃபேனை நம்பிக் காத்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும்.